கொன்றனர், கொல்லப்பட்டனர்: வேலூர்க் கோட்டையும் எட்டாம் வகுப்புப் பாடமும்

2019-ல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புக்குப் புதிய சமூக அறிவியல் புத்தகம் வந்தது. அப்போது நான் இன்னும் ஆசிரியர் வேலையில் இருந்தேன். விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். அந்தப் புத்தகத்தில் வேலூர்ப் புரட்சி ஒரு பகுதியாக வருகிறது. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பரீட்சைக்குப் படிக்க வேண்டிய தேதி. எங்கள் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர்ச் சங்கதி. கோட்டை அகழியைச் சுற்றி விளையாடியவர்கள், ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அப்பா அம்மாவோடு போனவர்கள். அதனால் இந்தப் பாடத்தை மட்டும் கொஞ்சம் கை கால் ஆட்டி, குரல் ஏற்றி நடத்துவது என் வழக்கம்.

அன்றைக்கும் அப்படித்தான். புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். நள்ளிரவுக்குப் பிறகு சிப்பாய்கள் கிளம்பியது, பாரக்கில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்களை ஜன்னல் வழியாகச் சுட்டது, ஆஸ்பத்திரிக்குள் போனது எல்லாம்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். "ஆஸ்பத்திரில படுத்துனு இருந்தவங்களையுமா சார்?"

"ஆமாண்டா."

"அது தப்பில்லையா சார்?"

"போர்னா அப்படித்தான்டா. அவன் மட்டும் கொஞ்சமாவா செஞ்சான்?"

வகுப்பு சிரித்தது. அப்போது நடு வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வேலூர்ப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளை. முகாமிலேயே பிறந்தவள். தானாக எழுந்து பேசுகிற பிள்ளை இல்லை.

"சார், அப்போ யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில நடந்ததும் போர்னு விட்டுடலாமா? எங்க அம்மம்மாவ அப்போ அங்கதான் சேர்த்திருந்தாங்களாம்."

நான் சொன்னது இதுதான்: "அது வேற, இது வேற. உக்காரும்மா."

உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது. அதன் பிறகு ஓய்வு பெற்றும்விட்டேன். அது எப்படி வேறு, இது எப்படி வேறு என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காக நான் படித்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு நாடு தன் போர்க்காலத் தப்புகளைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எப்படிச் சொல்கிறது, எப்படிச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் விஷயம்.

அந்த ராத்திரியும் அந்தக் காலையும்

முதலில் 1806-ஐ முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

1805 நவம்பரில் மதராஸ் ராணுவத்தில் புது விதிகள் வந்தன. தளபதி சர் ஜான் கிரடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும், காதில் கடுக்கன் கூடாது. கூடவே ஒரு புதுத் தலைப்பாகை. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். அது பசுவின் தோல், பன்றியின் தோல் என்ற பேச்சு பரவியது. எங்கள் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரைக்கும் டேனரியும் ஷூ கம்பெனியும்தான் சோறு போடுகின்றன. அந்த மண்ணில் ஒரு துண்டுத் தோலுக்காக ஒரு கலகம் வெடித்தது என்றால் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் தோல் அல்ல விஷயம். யாரைக் கேட்டு என் உடம்பில் கை வைக்கிறாய் என்பதுதான் விஷயம். 1806 மே மாதம் மறுத்துப் பேசியவர்களை மதராஸுக்கு இழுத்துப் போய் விசாரித்துக் கசையடித் தண்டனை விதித்தார்கள்.

கோட்டைக்குள் அப்போது திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பமும் இருந்தார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள். ஜூலை 9-ஆம் தேதி திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். கூட்டம் சேர அது வசதியாகப் போனது. 10-ஆம் தேதி விடிவதற்கு முன்பே சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட 14 அதிகாரிகள், 69-ஆவது ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட சோல்ஜர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் படுக்கையில். நோயாளிகளையும் விடவில்லை என்று ஆங்கிலேயர் பதிவுகள் சொல்கின்றன. ஃபேன்கோர்ட்டின் மனைவி தன் குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார். பிறகு அந்த இரவைப் பற்றி அவர் எழுதியது இன்றும் கிடைக்கிறது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. அன்றைக்குக் காலையில் மட்டும் அந்தக் கோட்டைக்கு ஒரு ராஜா இருந்தார். மைசூர்க் கொடியை ஏற்றி, திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை ராஜா என்று அறிவித்தார்கள். சில மணி நேர ராஜாங்கம்.

கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு ஆங்கில அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். முதலில் ஒரு இருபது பேரோடு தானே முன்னால் ஓடி வந்து, மதில் மேல் கயிற்றால் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் வாசல் கதவை உடைத்தன. குதிரைப்படை உள்ளே புகுந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இரண்டாவது பாதி. அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, பந்தாட்டக் களத்துச் சுவர் ஓரமாக நிறுத்தி, எல்லாரும் சாகும் வரைக்கும் சுட்டார்கள். விசாரணை கிடையாது. கோட்டைக் கதவை உடைத்த பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டன் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். அதைப் பார்த்தபோது தன் மனசு பெரிதாகக் கலங்கவில்லை, அது தக்க தண்டனைதான் என்பது அவர் எழுதியதன் சாரம். அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவே இல்லை. முறையான விசாரணை பிறகு நடந்தது: 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள், 5 பேர் சுடப்பட்டார்கள், 8 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 5 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. தலைப்பாகை உத்தரவு ரத்தானது. பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

ஆக, ஒரே நாளில், ஒரே மதிலுக்குள், ஆயுதம் இல்லாதவர்களை இரண்டு முறை கொன்றிருக்கிறார்கள். விடியலுக்கு முன்னால் ஒரு தரப்பு. பகலில் இன்னொரு தரப்பு.

ஒரே நாள், இரண்டு கதை

இங்கிலாந்து இந்த நாளை எப்படி நினைவில் வைத்தது என்று பாருங்கள். முதல் பாதிக்கு 'வேலூர்ப் படுகொலை' என்று பெயர். இரண்டாவது பாதிக்கு வீரம் என்று பெயர். ஹென்றி நியூபோல்ட் என்ற கவிஞர் கில்லெஸ்பியின் குதிரைச் சவாரியைப் புகழ்ந்து ஒரு கதைப்பாடலே எழுதினார். அயர்லாந்தின் கோம்பர் என்ற ஊரில், அவர் பிறந்த ஊரில், ஊர் நடுவே உயரமான தூணின் மேல் கில்லெஸ்பியின் சிலை நிற்கிறது. அவர்கள் கதையில் சுவர் ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது.

நாம் என்ன செய்தோம்? அதே கதையைத் திருப்பிப் போட்டோம். முதல் பாதி வீரம், இரண்டாவது பாதி கொடூரம். வேலூரில் மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. ஜூலை 10 வந்தால் மாலை போடுகிறோம். 200-ஆவது ஆண்டான 2006-ல் தபால் தலை வந்தது. அதெல்லாம் நியாயம்தான். அடிமைப்பட்டவன் எதிர்த்து நின்றதை நினைவு வைக்கத்தான் வேண்டும். நம் கதையில் ஆஸ்பத்திரி ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது என்பதை மட்டும் நாம் கவனிக்கவில்லை.

அதைவிட ஆச்சரியம், எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோது கண்டது. அதில் ஆஸ்பத்திரியும் இல்லை, சுவரும் இல்லை. நம் ஆட்களுக்கு நடந்த அநியாயமும் சேர்ந்து காணாமல் போயிருக்கிறது. நாம் செய்ததைச் சொல்லக் கூசினால், நமக்குச் செய்யப்பட்டதையும் முழுசாகச் சொல்ல முடியாமல் போகிறது. ஒன்றைச் சொன்னால் மற்றதைப் பிள்ளைகள் கேட்பார்கள் அல்லவா? என் வகுப்பில் கேட்டார்களே.

எழுவாய் எங்கே போச்சு?

பாடநூல் பொய் சொல்வது ரொம்ப அபூர்வம். பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை மூன்று: பெயர், வினை, எண்.

பெயர் எல்லாருக்கும் தெரிந்தது. கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி. எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதிலேயே பாதித் தீர்ப்பு வந்துவிடுகிறது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தாண்டிப் போகலாம்.

வினைதான் நுணுக்கமானது. தமிழ்ப் பாடவேளையில் செய்வினை, செயப்பாட்டு வினை சொல்லித் தருகிறோம். 'வேடன் புலியைக் கொன்றான்', 'புலி வேடனால் கொல்லப்பட்டது'. இதில் 'வேடனால்' என்ற சொல்லை எடுத்துவிட்டால்? 'புலி கொல்லப்பட்டது'. வாக்கியம் இலக்கணப்படி சரி. ஆனால் கொன்றவனைக் காணோம். எட்டாம் வகுப்புப் பாடத்தில் ஃபேன்கோர்ட் பலியாகிறார், இன்னொரு கர்னல் கொல்லப்படுகிறார், மேஜர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்படுகிறார். பிறகு புரட்சி அடக்கப்படுகிறது. அமைதி திரும்புகிறது. 'அமைதி' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அடியில்தான் சுவர் ஓரம் நின்ற 100 பேரும் கிடக்கிறார்கள். 'கொடி ஏற்றினர்', 'தாக்கினர்' என்று பெருமைக்கு வரும் இடத்தில் எழுவாய் தானாக வந்து நிற்கும். வெட்கத்துக்கு வரும் இடத்தில் 'பட்டது', 'பட்டனர்' வந்துவிடும். அடுத்த முறை எந்த நாட்டு வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் 'படு' என்ற துணைவினையை மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். எங்கே எதை மூடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது எண். அதே பாடத்தில் ஐரோப்பியர் 113 பேர் என்று இருக்கிறது. சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில். பல வருஷம் இதை நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் உறுத்தவில்லை. ஒரு பக்கம் 113. இன்னொரு பக்கம் 'சுமார்'. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கோட்டையிலிருந்து 800 உடல்கள் வெளியே கொண்டுவரப்பட்டதாக ஒருவர் சொன்ன சாட்சியம் வருகிறது. 350-க்கும் 800-க்கும் நடுவில் 450 மனிதர்கள். அவர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தன் ஆட்களை எண்ணத் தெரியும், ஒவ்வொருவருக்கும் பதிவேடு உண்டு. செத்த சிப்பாய்களை அவர்கள் எண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. இரு நூற்றாண்டு கழித்து, நம் பிள்ளைகளுக்காக நாமே எழுதிய புத்தகத்திலும் அவர்கள் எண்ணிய கணக்குத்தான் வருகிறது. பெயரோடு சாகிறவர்கள் மூன்று பேருமே ஆங்கிலேய அதிகாரிகள்.

ஜப்பானில் ஒரு சொல்

இந்த விவகாரத்தில் உலகம் முழுக்கப் பேசப்படும் நாடு ஜப்பான். அங்கே தனியார் பதிப்பகங்கள் பாடநூல் எழுதும். கல்வி அமைச்சகம் பார்த்து ஒப்புதல் தரும். சீனாவுக்குள் ஜப்பான் படை நுழைந்ததைக் குறிக்க 'ஷின்ரியாகு' என்றால் ஆக்கிரமிப்பு. 'ஷின்ஷுட்சு' என்றால் முன்னேறிச் செல்வது. ஆக்கிரமிப்பை முன்னேற்றமாக மாற்றச் சொல்கிறார்கள் என்ற செய்தி 1982-ல் வெடித்தது. சீனாவும் தென்கொரியாவும் கடுமையாக எதிர்த்தன. அந்த வருஷமே, பக்கத்து நாடுகளைப் பற்றி எழுதும்போது அவர்கள் நிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒப்புதல் விதிகளில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு சொல்லுக்காக இவ்வளவு.

அதற்கு முன்பிருந்தே ஒரு தனி மனிதர் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார். இயெனாகா சபுரோ, வரலாற்றுப் பேராசிரியர். தன் பாடநூலில் அமைச்சகம் வெட்டச் சொன்ன இடங்களை எதிர்த்து 1965-ல் முதல் வழக்குப் போட்டார். பிறகு இன்னும் இரண்டு. கடைசித் தீர்ப்பு 1997-ல் வந்தது. 32 வருஷம். பல இடங்களில் அவர் தோற்றார். ஆனால் சீனாவில் கைதிகளின் மேல் சோதனை நடத்திய 731-ஆவது படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இயெனாகாவைப் பற்றிப் படிக்கும்போது என்னைத் தொட்டது வழக்கு அல்ல. போர் நடந்த காலத்தில் அவரும் ஒரு ஆசிரியர்தான். அரசாங்கம் சொன்னதைத்தான் வகுப்பில் நடத்தினார். மாணவர்கள் போருக்குப் போனபோது தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் பிற்காலத்தில் அவரைக் கோர்ட்டுக்கு அனுப்பியது. 'உக்காரும்மா' என்று சொன்ன எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

ஜப்பான் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942, 43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை. சயாம் மரண ரயில். மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். மலேயாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் போன மாவட்டங்களில் எங்கள் பழைய வட ஆற்காடும் ஒன்று. அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக, புல்வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் இருக்கலாம், 90,000 பேர் செத்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அதே 'சுமார்'. வேலூரில் பார்த்த கணக்கு சயாமிலும் மாறவில்லை.

மாற்றிச் செய்ய முடியாதா என்றால், முடியும். போலந்துக்கு ஜெர்மனி செய்ததைவிட மோசமாக ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்ததில்லை என்றே சொல்லலாம். அந்த இரண்டு நாட்டு வரலாற்று ஆசிரியர்களும் 1972-ல் ஒரு பாடநூல் குழு அமைத்து, ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் படித்து, எங்கே என்ன விடுபட்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1976-ல் பரிந்துரைகள் வந்தன. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப் பாடநூலின் முதல் பாகம் வந்தது 2016-ல். நாற்பது வருஷம் பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்தால்தான் இது நடக்கும்.

நம்ம படை, நம்ம புத்தகம்

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இத்தனை நேரம் இங்கிலாந்து, ஜப்பான் என்று சுற்றியதே இதைத் தள்ளிப் போடத்தானோ என்று எனக்கே சந்தேகம்.

1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அமைதி காக்க என்று போன இந்தியப் படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கியது. அக்டோபர் 21, 22-ஆம் தேதிகளில் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்திய வீரர்கள் நுழைந்தபோது மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள், இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். உயிர் தப்பிய ஊழியர்கள் சொன்னது வேறு: அந்த நேரத்தில் உள்ளே சண்டை இல்லை, நிராயுதபாணிகளைச் சுட்டார்கள் என்பது.

மத்திய அரசின் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் பாடநூலில் தெற்காசியாவைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையும் வருகிறது, நம் படை போனதும் வருகிறது. சண்டை மூண்டதும், இலங்கை மக்களுக்கு நம் படை இருந்தது பிடிக்காமல் போனதும், நினைத்த காரியம் முடியாமலே திரும்பியதும் சொல்லப்பட்டிருக்கிறது. தோல்வியை ஒப்புக்கொள்கிறது, அந்த மட்டுக்கும் நேர்மை. ஆனால் நினைத்த காரியம் முடியவில்லை என்பது படைக்கு என்ன ஆயிற்று என்பதற்கான பதில். மக்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கான பதில் அல்ல. ஆஸ்பத்திரி அதில் இல்லை.

தமிழர்கள் நாம் இதைக் கேட்டதும் தலையாட்டுவோம். டெல்லிப் புத்தகம் அப்படித்தான் என்போம். கொஞ்சம் பொறுங்கள். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பார்த்தீர்களா, எனக்கே 'பட்டார்கள்' வந்துவிட்டது. திருத்தி எழுதுகிறேன்: விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள் என்றே உயிர் பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். புலிகள் மறுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். இந்த வாக்கியங்களை எழுவாயோடு எழுத எனக்குக் கை தயங்குகிறது. கோம்பர் ஊர்க்காரருக்குக் கில்லெஸ்பியைப் பற்றி எழுதவும் இப்படித்தான் தயங்கியிருக்கும். தப்பைச் செய்தவன் நம்ம ஆள் என்றால், எந்த ஊர்க் கையாக இருந்தாலும் 'படு' தானாக வந்து விழுகிறது.

அப்போ எப்படி எழுதணும்?

"பதிமூணு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு சார்? முதல்ல நாட்டுப்பற்று வரட்டும்" என்று என் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நல்ல மனிதர். அவர் கவலையும் நியாயமானதுதான். ரத்தத்தை அள்ளி வகுப்பில் கொட்ட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் கேட்டானே, 'அது தப்பில்லையா சார்' என்று? பதிமூன்று வயதில் அது தானாக வருகிற கேள்வி. அதற்குச் சிரிப்பால் பதில் சொன்னது நான். பிள்ளைக்கு வயசு போதவில்லை என்று சொல்வதைவிட, எனக்குத் தைரியம் போதவில்லை என்று சொல்வதுதான் சரி.

சிப்பாய்களின் கோபம் நியாயம் என்பதும், ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்தது அநியாயம் என்பதும் ஒரே தலைக்குள் இருக்க முடியும். கில்லெஸ்பி உயிரைப் பணயம் வைத்து மதில் ஏறினார் என்பதும், பிடிபட்டவர்களைச் சுவரில் நிறுத்திக் கொன்றது கொலைதான் என்பதும் சேர்ந்தே இருக்க முடியும். எனக்கு எழுத இடம் கொடுத்தால் எட்டாம் வகுப்புக்கு இவ்வளவுதான் எழுதுவேன்:

கம்பெனி, சிப்பாய்களின் நம்பிக்கையில் கை வைத்தது, மறுத்தவர்களைத் தண்டித்தது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்து கோட்டையைப் பிடித்தனர். தூங்கியவர்களையும் நோயாளிகளையும்கூட அவர்கள் கொன்றனர். அன்றே கம்பெனிப் படை கோட்டையை மீட்டது; பிடிபட்ட சுமார் 100 பேரை விசாரணை இல்லாமல் சுவர் ஓரம் நிறுத்திச் சுட்டது. செத்த ஆங்கிலேயரின் எண்ணிக்கை நமக்குத் தெரியும். செத்த சிப்பாய்களை யாரும் சரியாக எண்ணவில்லை. ஏன் என்று வகுப்பில் பேசவும்.

ஏழு வாக்கியம். எல்லா வினைக்கும் எழுவாய் இருக்கிறது. இதைப் படித்து எந்தப் பிள்ளைக்கும் நாட்டுப்பற்று குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கு வேறொரு ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், அந்த வகுப்பில் பதில் சொல்ல ஒரு வழி இருக்கும்.

போன மாதம் விரிஞ்சிபுரம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாளாம். "சார்ட வகுப்பைப் பற்றி அடிக்கடி சொல்லுவாள்" என்றார். என்ன சொல்லுவாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அவளிடம் ஒன்று சொல்லுங்கள்" என்றேன். "எட்டாவதுல ஒரு கேள்வி கேட்டாளே, அதுக்கு சார் சொன்ன பதில் தப்பு. அது வேற இது வேற இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்னு சார் சொன்னார்னு சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. "சரி சார், சொல்றன்" என்று பஸ் ஏறிப் போனார்.